கடைமடைக்கு நீர் வருமா?



ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம் வழியாகப் புத்தூர் செல்லும் சாலையில் பிச்சாட்டூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் அருகே ஆரணியாற்றுக்குக் குறுக்கே ஓர் அணை உண்டு. ஏறத்தாழ 185 கோடி கன அடி நீர் கொள்ளும் தேக்கம் அது. அதிலிருந்து வெளிப்படும் நீர் கிழக்கு நோக்கி ஓடி, ஊத்துக்கோட்டையைக் கடந்து, தமிழகத்து வயல்களைத் தொட்டுப் பழவேற்காட்டுப் பக்கம் கடலில் கலக்கிறது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளில் இரு மாநிலங்களின் எல்லை திருத்தி அமைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தோடு பிச்சாட்டூர் சேர்ந்தது. வரைபடத்தில் கோடுகள் பல முறை மாறின. ஆயினும் ஆறு தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை; வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வாழும் குடும்பங்களும் அங்கே தம் வாழ்வைத் தொடர்ந்து நடத்தி வருகின்றன.

அணையை நம்பி வாழும் ஊர்களில் மழைக்காலத்திலே இரண்டு வினாக்கள் எழுவதுண்டு. "அணை நிரம்பிவிட்டதா?" என்பது ஒன்று. "கடைமடைக்கு நீர் வருமா?" என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடையைக் கரைமேல் நின்று கண்ணாலே பார்த்துச் சொல்லிவிடலாம். இரண்டாவது வினாவின் விடையோ மதகின் திறப்பையும், வாய்க்காலின் நிலையையும், வழியிலுள்ளோர் எடுத்துக்கொள்ளும் அளவையும் பொறுத்தது. கால்வாயின் கோடியில் நிலம் வைத்திருக்கும் உழவர், அணை நிரம்பிய செய்தி கேட்டவுடன் நாற்றுப் பாவிவிடுவதில்லை. சற்றுப் பொறுத்துப் பார்ப்பார். அவருக்கு அணையின்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. பலமுறை ஏமாந்த அனுபவம் அவருக்கு அந்தப் பொறுமையைக் கற்பித்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று உலகெங்கும் எழுந்துள்ள பெரும் பொருளாதார ஆரவாரத்தின் நடுவே, மக்கள் ஏன் கையிலுள்ள காசைச் செலவிடத் தயங்குகிறார்கள் என்னும் புதிரை விளக்க, கடைமடை உழவரின் இந்தத் தயக்கமே போதுமானது.

முதலில் புதிரைப் பார்ப்போம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்னும் உரையாடும் கணினி நிரல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின் மூன்று ஆண்டுகளுக்குள், இத்தகைய நிரல்களை இயக்கத் தேவையான சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா என்ற அமெரிக்க நிறுவனத்தின் பங்குகளின் மொத்த மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. உலகில் வேறெந்த நிறுவனமும் அதற்கு முன் அந்த அளவை எட்டியதில்லை. அது நிகழ்ந்தது 2025 அக்டோபர் மாத இறுதியில். அதற்கு அடுத்த மாதமே, அதே அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட நுகர்வோர் மனநிலைக் குறியீடு 51 என்ற அளவுக்குத் தாழ்ந்தது. 1966-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருந்த நிலையை 100 என்று கொண்டு கணக்கிடப்படுவது அக்குறியீடு. 2022 ஜூன் மாதத்தில், விலைவாசி கடுமையாக ஏறியிருந்த வேளையில், அஃது அதுவரை காணாத தாழ்வாக 50 வரை இறங்கியது. பங்குச் சந்தை உச்சியில் நின்ற போதும், மக்கள் மனம் ஏறத்தாழ அந்தப் பள்ளத்திற்கே திரும்பிவிட்டது.

இதற்குச் செயற்கை நுண்ணறிவு ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஏறிய விலைகள் இறங்கவில்லை. புதிய இறக்குமதி வரிகள் வந்தன. 2025 அக்டோபர் முதல் நாளில் தொடங்கி 43 நாட்கள் அந்நாட்டு அரசு அலுவலகங்கள் பல முடங்கின. எனினும் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. நவம்பர் மாதத் தொடக்கத்தில் எடுத்த கணக்கின்படி, பங்குகளை மிகுதியாக வைத்திருந்தோரின் மனம் மட்டும் தெளிவடைந்திருந்தது. ஏனையோர் மனம் சோர்ந்திருந்தது. அணைக்கு அருகில் இருந்தவர் நீரைக் கண்டார். கடைமடையில் இருந்தவர் காணவில்லை.

மனத்தை அளப்பது எங்ஙனம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான வினாவே. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் கட்டோனா என்னும் உளவியல் அறிஞர் 1946-ஆம் ஆண்டில் இவ்வாய்வை மிச்சிகனில் தொடங்கினார். அவருடைய கருத்து எளியது. ஒருவர் பொருள் வாங்குவதற்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது. வாங்கும் மனமும் இருத்தல் வேண்டும். வருமானத்தைப் பொருளியலார் அளந்துவிடுவர். மனத்தை யார் அளப்பது? மக்களையே கேட்டுவிடலாம் என்றார் அவர். சென்ற ஆண்டைவிட உங்கள் குடும்ப நிலை மேலா, கீழா? அடுத்த ஆண்டு எப்படி இருக்கும்? நாட்டின் தொழில் நிலை எப்படிப் போகும்? வீட்டுக்கு வேண்டிய பெரும் பொருள்களை வாங்க இது தக்க காலமா? இவ்வகை வினாக்களே அந்த ஆய்வின் அடிப்படை.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி இவ்வாய்வை நடத்துகிறது. சென்னை, பெங்களூரு, ஐதராபாத், மும்பை, தில்லி, கொல்கத்தா உள்ளிட்ட 13 நகரங்களில் நடந்து வந்த ஆய்வு பின்னர் 19 நகரங்களுக்கு விரிந்தது. ஊரகப் பகுதிகளுக்கெனத் தனி ஆய்வு ஒன்றும் நடைபெறுகிறது. பொதுப் பொருளாதார நிலை, வேலைவாய்ப்பு, விலைவாசி, சொந்த வருமானம், செலவு ஆகிய ஐந்தையும் பற்றி, சென்ற ஆண்டோடு ஒப்பிட்டு ஒரு முறையும், வரும் ஆண்டை எதிர்நோக்கி ஒரு முறையும் குடும்பங்களைக் கேட்கிறார்கள்.

கணக்கு கடினமானதன்று. நூறு குடும்பங்களைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். நாற்பது குடும்பங்கள் "மேல்" என்றும், முப்பத்தைந்து "மாற்றம் இல்லை" என்றும், இருபத்தைந்து "கீழ்" என்றும் சொன்னால், நாற்பதில் இருபத்தைந்து போக மிச்சம் பதினைந்து. இவ்வாறு ஐந்து வினாக்களுக்கும் கிடைக்கும் மிச்சங்களின் சராசரியை 100-உடன் கூட்டினால் குறியீடு கிடைக்கும். 100-க்கு மேல் என்றால் நம்பிக்கை மிகுதி. கீழ் என்றால் கவலை மிகுதி. கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை வீசிய 2021-ஆம் ஆண்டில் இன்றைய நிலையைக் காட்டும் குறியீடு 50-க்கும் கீழே போயிற்று. அதன்பின் படிப்படியாக ஏறியது. 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகளில் அது 90-க்கு மேலேறி நின்றாலும் 100-ஐத் தொடவில்லை. ஆனால் வரும் ஆண்டைக் காட்டும் குறியீடோ 120-க்கும் மேலே நின்றது.

இதன் பொருள் யாது? "சென்ற ஆண்டைவிட இன்று சற்றுக் குறைவுதான்; நாளை நன்றாக இருக்கும்" என்பதே நம் நகரத்துக் குடும்பங்களின் வாக்கு. அமெரிக்கக் குடும்பம் நாளையை எண்ணியும் சோர்ந்தது. நம் குடும்பம் நாளையை நம்பிக்கொண்டே இன்றைக்குக் கையை இறுக்கிக்கொண்டது. கவலையுற்ற மனமும் நம்பிக்கையுற்ற மனமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

இந்நிலையைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்கப் பொருளியலார் பிராங்க் நைட் 1921-இல் அதை விளக்கினார். இடர் வேறு, உறுதியின்மை வேறு என்றார் அவர். பிச்சாட்டூர் உழவருக்கு மழை ஓர் இடர். பத்து ஆண்டுகளில் எத்தனை ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்க்கும், எத்தனை ஆண்டு வெள்ளம் வரும் என்பது அவருக்கும் அவர் தந்தைக்கும் ஏறக்குறையத் தெரியும். ஆகவே அதற்கேற்பப் பயிரை மாற்றுவார், கிணற்றை ஆழப்படுத்துவார், கொஞ்சம் நெல்லைக் குதிரில் வைப்பார். ஆனால் ஒரு புதிய இயந்திரம் வந்து எந்த வேலையை எப்போது எடுக்கும், எந்த வேலையை எங்கே உண்டாக்கும் என்பதற்கு முன்னோர் கணக்கு ஏதும் இல்லை. அஃது உறுதியின்மை. இடருக்கு முன்னேற்பாடு செய்யலாம். உறுதியின்மைக்கு முன்னால் மனிதர் செய்வது பெரும்பாலும் ஒன்றே: காத்திருத்தல்.

காத்திருப்பதற்கும் ஒரு பயன் உண்டு. வீடு வாங்குவதும், மோட்டார் வண்டி வாங்குவதும், நிலம் வாங்குவதும் எளிதில் திருப்பிக் கொடுக்க முடியாத செயல்கள். ஆறு மாதம் பொறுத்தால் நிலைமை தெளிவாகும் என்று தோன்றினால், பொறுப்பதே அறிவு. அரிசியையும் பருப்பையும் எவரும் தள்ளிப்போடுவதில்லை. அச்சம் பரவும்போது முதலில் நிற்பது பெரும் பொருள்களின் விற்பனை.

இனி, இந்த உறுதியின்மை பிச்சாட்டூர் போன்ற ஊர்களை எவ்வழியில் எட்டுகிறது என்று காண்போம்.

2025 அக்டோபர் 14 அன்று கூகுள் நிறுவனம் விசாகப்பட்டினத்தில் செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு மையம் ஒன்றை அமைக்கப்போவதாக அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீடு என்பது அறிவிப்பு. விசாகப்பட்டினம் ஆந்திர மாநிலத்தின் வடபுறம், பிச்சாட்டூர் தென்கோடி. செய்தியைக் கேட்ட தென்கோடி மக்கள் மகிழ்வது இயல்பே. ஆனால் தரவு மையம் என்பது நூற்பாலை போன்றதன்று. அதன் செலவில் பெரும்பகுதி சில்லுகளுக்கும், கணினிகளுக்கும், மின் கருவிகளுக்கும் போகிறது. அவற்றில் பல வெளிநாட்டிலிருந்து வருபவை. கட்டும் காலத்தில் பலருக்கு வேலை உண்டு. கட்டி முடித்தபின், செலவிட்ட தொகையை நோக்க, அங்கே வேலை செய்வோர் சிலரே. எனவே முதலீட்டின் அளவைக் கண்டு ஊர்க்கூலியின் அளவை மதிப்பிடல் இயலாது. அணையின் கொள்ளளவு வேறு, கடைமடையின் பங்கு வேறு.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தன் ஊழியரில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவரை, அதாவது 12,000 பேருக்குச் சற்று மேற்பட்டவரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணம் அன்று, திறன் பொருந்தாமையே காரணம் என்று அந்நிறுவனத்தின் தலைமை அலுவலர் விளக்கினார். விளக்கம் எதுவாயினும், சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் தொழிலில் மக்களை வைத்திருக்கும் பெற்றோர் உள்ளத்தில் அச்செய்தி ஊன்றிவிட்டது. "ஏனப்பா, உன் வேலைக்கு ஒன்றும் குறை வராதே?" என்று தொலைபேசியில் கேட்காத வீடு அரிது.

இவற்றோடு பழைய கவலைகளும் சேர்ந்துகொண்டன. அமெரிக்கா 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பண்டங்கள் பலவற்றின்மேல் 50 சதவீத வரி விதித்தது. திருப்பூர்ப் பின்னலாடைக்கும் ஆந்திரக் கடற்கரை இறாலுக்கும் அது பெரும் அடியாயிற்று. அவ்வாண்டின் மாம்பழப் பருவத்தில் சித்தூர் மாவட்டத்தில் கிளிமூக்கு மாங்காய் விலை மிக வீழ்ந்தது. பழக்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயும் சேர்த்து உழவருக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. ஒரே மாநிலத்தில், ஒரே ஆண்டில், ஒருபுறம் ஆயிரங்கோடி டாலர் பேச்சு; மறுபுறம் கிலோவுக்கு நாலு ரூபாய் உதவி. மக்கள் மனம் இவ்விரண்டுக்கும் நடுவிலே நின்று கணக்குப் பார்க்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தைக்குப் பிச்சாட்டூர்ப் பக்கம் சிறிது நிலமும் சில மாமரங்களும் உண்டு. மூத்த மகன் பெங்களூரில் மென்பொருள் பணியில் இருக்கிறான். இளைய மகள் சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டி தொழில் நகரில், குளிரூட்டி செய்யும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறாள். மகன் பெங்களூரில் வீடு வாங்க எண்ணியிருந்தான். வேலை பற்றிய செய்தி கேட்டுத் தள்ளிவைத்தான். வீடு இல்லை என்றானபின் புதுக் குளிரூட்டியும் வேண்டாம் என்றாயிற்று. இவனைப்போல் பல்லாயிரம் பேர் நினைத்தால் குளிரூட்டிக்குக் கிராக்கி குறையும். ஆலையில் மிகைநேர வேலை நிற்கும். தங்கையின் சம்பளத்தில் ஒரு பகுதி குறையும். ஊரில் தந்தை பழுதான நீரேற்று மோட்டாரை மாற்றாமல் இன்னும் ஓர் ஆண்டு ஓட்டுவார். மோட்டார்க் கடைக்காரர் தம் கடைப் பையனை நிறுத்துவார். அண்ணன் எடுத்த முன்னெச்சரிக்கை, அவன் அறியாமலே, தங்கையின் கூலியில் வந்து முடிகிறது.

அண்ணன் செய்தது தவறா? தனி ஒரு குடும்பமாக நோக்கினால் அது முற்றிலும் சரியானது. எல்லாரும் ஒருங்கே செய்யும்போது அதுவே எல்லாருக்கும் இழப்பாகிறது. 1936-இல் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் கெயின்ஸ் வலியுறுத்திய உண்மை இது. சிக்கனம் வீட்டுக்கு அறம்; நாடு முழுதும் ஒரே நேரத்தில் சிக்கனம் செய்தால், ஒருவர் செலவே மற்றொருவர் வருமானம் ஆதலால், வருமானமே சுருங்கிவிடும்.

இதனால்தான் அரசுகளும் மக்கள் மனத்தை நோக்கிச் செயல்படுகின்றன. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்கு முறை வட்டியைக் குறைத்து, 6.5 சதவீதமாக இருந்த தன் ரெப்போ விகிதத்தை 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி குறைக்கப்பட்டு, குளிரூட்டி, பெரிய தொலைக்காட்சிப் பெட்டி, சிறு மோட்டார் வண்டி முதலியவற்றின்மேல் இருந்த 28 சதவீத வரி 18 ஆயிற்று. அவ்வாண்டு தீபாவளியை ஒட்டி மோட்டார் வண்டி விற்பனை பெருகியது. காத்திருந்தவர் பலர் கடைக்கு வந்தனர். மனம் அச்சத்தில் இருப்பினும், கண்ணுக்குத் தெரியும் உறுதியான சலுகை ஒன்று கிடைத்தால் அது அசையும் என்பதற்கு இது சான்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மக்கள் சொல்வதும் செய்வதும் எப்போதும் ஒன்றாய் இரா. கவலை என்று சொல்லிக்கொண்டே செலவிடுவோர் உண்டு. விலை ஏறியதால் செலவு கூடிய குடும்பமும் ஆய்வில் "செலவு அதிகம்" என்றே விடை சொல்லும். அதை வளத்தின் அடையாளமாகக் கொண்டால் பிழையாகும். செல்வர் சிலர் மிகுதியாக வாங்குவதும், எளியோர் பலர் குறைத்துக்கொள்வதும் சேர்ந்து மொத்த விற்பனையில் மாற்றம் இல்லாதது போலவும் தோன்றலாம். ஆகவே குறியீட்டு எண்ணை வெப்பமானியைப்போல் கொள்ள வேண்டும். காய்ச்சல் உண்டு என்பதை அது காட்டும். என்ன நோய் என்று சொல்லாது.

முன்னும் இத்தகைய எழுச்சிகள் வந்ததுண்டு. 1840-களில் இங்கிலாந்தில் இரயில் பாதைப் பங்குகளுக்குப் பித்துப் பிடித்ததுபோல் மக்கள் ஓடினர். பங்குகள் வீழ்ந்தன; பலர் செல்வம் இழந்தனர்; ஆனால் பாதைகள் நிலைத்தன. 2000 மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு உச்சத்தைத் தொட்டு, 2002 அக்டோபருக்குள் நான்கில் மூன்று பங்குக்கும் மேலாகச் சரிந்தது. இணையம் அழியவில்லை. அந்த ஆரவாரத்தில் மிகையாக இடப்பட்ட கடலடிக் கம்பிகள் பின்னர் மலிவாகக் கிடைத்தமை, இந்திய மென்பொருள், சேவைத் தொழில்கள் வளர ஒரு துணையாயிற்று. இன்று பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புணேயிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்வது அவ்வழி வந்த நீராலேதான்.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது என்ன? புதுமை உண்மையாக இருக்கலாம். அதன் பங்கு விலை பொய்யாக இருக்கலாம். இரண்டும் ஒருங்கே நிகழலாம். நீர் கடைமடைக்கு வரவும் கூடும். ஆனால் அறிவித்த நாளில் வாராது. அறிவித்தவர் வழியாகவே வரும் என்பதும் இல்லை. அது வரும் நாள்வரை விதைநெல்லை உண்ணாமல் வைத்திருந்தவரே பயிர் செய்வர்.

விதைநெல்லைக் காப்பது எப்படி? பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது தனிப்பட்ட முறையில் முக்கியமானது. வேலை போனால் வாடகை வீட்டில் அயல் மொழிச் சூழலில் இருப்போர்க்கு உற்றார் உதவி உடனே கிடைப்பதில்லை. ஆதலின் சில நெறிகளைச் சொல்லலாம்.

செலவுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தள்ளிவைக்கக் கூடாதவை ஒரு வகை: குழந்தைகளின் படிப்பு, மருத்துவம், பிழைப்புக்கு உதவும் கருவியின் பழுதுபார்ப்பு. தந்தையின் நீரேற்று மோட்டார் இந்த வகையைச் சேர்ந்தது. அதைத் தள்ளிவைத்தால் மிச்சமாவதைவிட இழப்பே மிகும். தள்ளிவைக்கலாகும் என்பவை அடுத்த வகை: வசதிக்கும் அழகுக்குமான பொருள்கள். கடன் வாங்கித் தொடவே கூடாதவை மூன்றாம் வகை: பிறர் வாங்குகிறார்களே என்று வாங்கும் பங்குகளும், தொழிற்சாலை வரப்போகிறது என்ற வதந்தியை நம்பி வாங்கும் மனைகளும்.

மாதத் தவணையை இன்றைய முழுச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி 7 சதவீதமானால் மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய், 8.5 சதவீதமானால் ஏறத்தாழ 26,035 ரூபாய். வட்டி இறங்கும் காலத்தில் வாங்கிய கடன், அது ஏறும் காலத்திலும் நம்மோடு இருக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியதை நாம் மறக்கலாகாது. கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால், இருவர் வருமானத்தில் எது உறுதியானதோ அது ஒன்றைக் கொண்டே தவணை செலுத்த முடியுமா என்று பாருங்கள். முடியுமானால், தேவையான வீட்டை வாங்கத் தயங்க வேண்டுவதில்லை. ஆறு மாதத் தவணைக்கும் குடும்பச் செலவுக்கும் ஆன தொகையைத் தனியே சேமித்து வைத்தபின் எடுக்கும் முடிவில் அச்சத்திற்கு இடம் குறைவு.

மூன்றாவது நெறி, புதிய கருவியைக் கண்டு ஒதுங்காதிருத்தல். நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறி வந்தபோது கைத்தறியாளர் பலர் துன்புற்றனர் என்பது உண்மை. ஆயினும் துணியின் இயல்பை அறிந்தவரே விசைத்தறியையும் நன்கு இயக்கினர். கணக்கெழுதுவோரும், மொழிபெயர்ப்போரும், நிரல் எழுதுவோரும், ஆசிரியரும் இக்கருவி எதைச் செய்யும், எங்கே தவறும் என்பதைத் தம் கையாலேயே சோதித்து அறிவது நலம். அறிந்தவர்க்கு உறுதியின்மை ஓரளவு இடராகச் சுருங்கும். இடருக்கு முன்னேற்பாடு உண்டு என்று மேலே கண்டோம்.

குடும்பங்களின் பொறுப்பு இவ்வளவே. மீதி, மதகைக் கையில் வைத்திருப்போர் பொறுப்பு. இத்தனை கோடி முதலீடு என்று அறிவிக்கும்போதே, எத்தனை பேருக்கு, எத்தகைய வேலை, எந்த ஊரில், எவ்வளவு காலத்துக்கு என்பதையும் சொல்லுதல் வேண்டும். வேலை இழப்போர்க்கு இடைக்கால உதவியும் மறுபயிற்சியும் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும். தரவு மையத்துக்கு ஆகும் மின்சாரமும் நீரும் எங்கிருந்து வரும், அதனால் பிறர் பங்கு குறையுமா என்பதை ஒளிவின்றி விளக்க வேண்டும். மக்கள் நம்பிக்கையை விளம்பரத்தால் வளர்த்தல் அரிது. நிறைவேறிய வாக்கினால் அது தானே வளரும்.

பிச்சாட்டூர் அணையின் மதகைத் திறப்பதற்கு முன் ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் வழக்கம் உண்டு. மாநில எல்லையைத் தாண்டி ஊத்துக்கோட்டை மக்களுக்கும் அச்செய்தி போகிறது. எவ்வளவு நீர், எந்த நேரத்தில் என்று தெரிந்தால் மக்கள் கரையை விட்டு விலகி நிற்பர். வெள்ளமும் அவர்களுக்குத் தீங்கு செய்யாது. பொருளாதார எழுச்சிக்கும் அத்தகைய முன்னறிவிப்பு இருக்குமாயின், கடைமடையில் இருப்போரும் அச்சமின்றி நாற்றுப் பாவுவர். அதுவரையில் அவர்களுடைய தயக்கத்தை அறியாமை என்று எவரும் எள்ளுதல் வேண்டா. நீர் வரும் வழியை நெடுங்காலம் நோக்கியிருந்தவரின் கணக்கு அது.